பஞ்சு விரித்த டின்

மாமி ஃபோனை எடுத்தால் ஹலோ சொல்லமாட்டார். சலாமும் பிறகுதான். எடுத்த எடுப்பிலேயே, "ஆரு மௌத்து?" என்று கேட்பார்.

அவர் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. யாராவது இறந்தாலன்றி வேறு எதற்கும் அவருக்குக் கோல் வருவதில்லை. கல்முனைக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் நாலைந்து தெருக்களிலும் இறந்த பெண்ணின் மையித்தைக் குளிப்பாட்டி, கபன் துணியில் பொதிவது அவர்தான். இருபது வருடத்துக்கு மேல் அதைச் செய்தார். கையில் ஒரு பட்டன் ஃபோன், டோர்ச் பூட்டியது. "இதுல எனக்கு மௌத்து மட்டும்தான் வரும் புள்ள. கலியாணத்துக்கு என்னக் கூப்பிடுறவங்க ஆள் விட்டுத்தான் சொல்லுவாங்க" என்பார்.

ஒருநாள் என் வீட்டில் இருக்கும்போது அந்த ஃபோன் அடித்தது. ஃபோன் கம்பனிக்காரர்கள் பதிவுசெய்து அனுப்புகிற பெண் குரல், ஏதோ ஒரு சலுகையைப் பற்றி. மாமி காதில் வைத்து, "ஆரு மௌத்து? எந்தத் தெருவு மகள்? எப்ப அடக்குறாங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். மறுபக்கம் வைத்துவிட்டது. "பாவம், அழுகையில கதைக்க ஏலாமப் போயிட்டு. திரும்ப எடுப்பா" என்று முந்தானையைச் சரிசெய்து, வெளிக்கிடத் தயாராக உட்கார்ந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்தது போதாதென்று அதை ஒரு குரல் பதிவாகச் சொல்லி மூன்று குரூப்பில் போட்டேன். அப்போது நான் அப்படிப்பட்ட ஒருத்தி. எதையும் ஒருவரிடம் மட்டும் சொல்லத் தெரியாது.

மாமி எனக்குச் சொந்தமில்லை. எங்கள் ஊரில் உம்மாவின் வயதுக்காரர் யாரானாலும் மாமிதான். அவருடைய பெயரை எழுதமாட்டேன். எத்தனையோ பேரை மூடி வைத்த மனுசி. அவரையாவது நான் மூடி வைக்க வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் மீதி விளங்கும். நான் அபாயா தைக்கிறவள். ஓடர் எல்லாம் ஃபோனில்தான். புதுத் துணி வந்தால் லைவ் போட்டு நிறம் காட்டுவேன். 'சிஸ்டர் இன்பொக்ஸ்' என்று நாளைக்கு எத்தனை தரம் எழுதுவேன் என்று எனக்கே தெரியாது. என்னிடம் இரண்டு ஃபோன் இருந்தன. ஒன்று வீட்டுக்கு, மற்றது ஓடருக்கு. என் தையலில் ஒரு விசேசமும் இருந்தது. அபாயாவின் உள்பக்கம், வலது தொடைக்கு நேரே, வெளியே தெரியாமல் ஃபோனுக்கென்று ஒரு பை வைத்துத் தைப்பேன். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் அந்தப் பைக்காகவே என்னிடம் வந்தார்கள்.

மாமியும் ஒரு அபாயா தைக்க வந்தார். மாதிரிக்கு ஒன்றை எடுத்துக் காட்டினேன். உள்பக்கம் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இதென்ன புள்ள, உள்ளுக்க இன்னொரு வயிறு?" என்றார்.

"ஃபோனுக்கு மாமி. ஆருக்கும் தெரியாது. நான் உடுத்திருக்கிறதுலயும் இரிக்கி, பாருங்க" என்று பெருமையாகக் காட்டினேன்.

"எனக்கு அந்த வயிறு வேணாம். ஒண்டுக்குத் தீன் போடுறதே காணும்."

அவர் ஃபோனை ஹராம் என்று சொல்கிற ஆளில்லை. பயான் செய்து புத்தி சொல்லவும்மாட்டார். அவருடைய வழி வேறு. அன்றைக்கு அளவு எடுக்க வேண்டிய நேரத்தில் எனக்கு ஓடருக்கு மேல் ஓடர். ஒரு கையில் டேப், மறு கையில் ஃபோன். "ஒரு நிமிசம் மாமி, ஒரு நிமிசம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீ முடி. நான் இருக்கன்" என்றார். அவ்வளவுதான். கோபமும் இல்லை, பெருமூச்சும் இல்லை. நான் தலையை நிமிர்த்தியபோது, மாதக்கணக்காய்ச் சிக்குப்பட்டுக் கிடந்த என் நூல்கட்டை முழுவதையும் நிறம் நிறமாய்ப் பிரித்துச் சுற்றி மேசையில் அடுக்கியிருந்தார். "முடிஞ்சா? இனி என்னப் பாரு" என்றார். ஏசியிருந்தால் தேவலை. அந்த அடுக்கிய நூல்களைப் பார்க்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அளவெடுத்து முடிவதற்குள் இரண்டு தரம் ஃபோனைப் பார்த்தேன்.

மௌத்து வீட்டில்தான் அவர் கறார். ஒரு வீட்டில் மையித்தை நடுவில் கிடத்தியிருக்க, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஃபோனைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். ஒருத்தி அந்த மௌத்தையே ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தாள். மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மையித்து நிமிந்து கிடக்கு, நீங்க எல்லாரும் செத்துக் குனிஞ்சிரிக்கீங்க. ஆரக் குளிப்பாட்டுறெண்டு எனக்கே தெரியல்ல" என்றார். அழுதுகொண்டிருந்த மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் டின் வந்தது. பெருநாளைக்கு யாரோ கொடுத்த நீல நிறப் பிஸ்கட் டின். குளிப்பாட்டும் இடத்தை வளவில் ஒரு மூலையில் சீலைகளால் மறைத்துக் கட்டுவார்களல்லவா, அந்த மறைப்பின் வாசலில் ஒரு கதிரை போட்டு, கதிரையில் டின்னை வைப்பார். உள்ளே வருகிறவர் யாரானாலும், மகளானாலும் மருமகளானாலும், ஃபோனை அதில் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். முதல் தடவை டின்னுக்குள் ஃபோன்கள் அதிர்ந்து, வண்டை அடைத்த மாதிரி ஒரே இரைச்சல். அடுத்த தடவை அடியில் பஞ்சு விரித்துக்கொண்டு வந்தார். மையித்துக்கு வாங்கிய பஞ்சில் மிஞ்சியது. அந்தப் பஞ்சின் மேல் என் ஃபோனை வைக்க எனக்கு முதலில் ஒரு மாதிரிதான் இருந்தது.

"அதென்ன மாமி, ஒரு படத்தால என்ன வரப்போகுது?" என்று கேட்டிருக்கிறேன்.

"இவடத்த கண்டது இவடத்தோட போகணும். நம்மட கண்ணும் காணுதுதான், ஆனா அது மறந்துபோகும். ஃபோனுக்கு மறக்கத் தெரியாது புள்ள."

மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் கண்ட குறையை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் மார்க்கம். எல்லோரும் ஓம் ஓம் என்போம். கடைப்பிடித்தவரை நான் கண்டது மாமியில்தான். மௌத்து வீட்டிலிருந்து அவர் திரும்பி வரும் வழியில் பெண்கள் வேலிக் கடப்பில் நின்று வாயைக் கிளறுவார்கள். "முகம் எப்பிடி மாமி இருந்த? கறுத்துப் போயிருந்தெண்டு கதைக்கிறாங்களே?" எவருக்கும் ஒரே பதில்தான். "நல்லா இருந்த. ஒன்னையும் என்னையும் விட நல்லா இருந்த." புருசன் அடித்துச் செத்தாள் என்று ஊரே பேசிய ஒருத்தியைப் பற்றிப் பொலிசு கேட்டபோது மட்டும், கண்டதை ஒன்றும் விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வீதியில் கேட்டவர்களுக்கு, "நல்லா இருந்த."

என் உம்மா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மௌத்தானா.

உம்மாவிடம் ஒரு விசயம் இருந்தது. இடது காதுக்குக் கீழே தொடங்கி, கழுத்தால் இறங்கித் தோள்பட்டை வரைக்கும் தோல் வெளுத்துப் போயிருந்தது. தொற்றுகிற வியாதியுமில்லை, கொல்லுகிற வியாதியுமில்லை. ஆனால் எங்கள் பக்கம் ஒரு கலியாணப் பேச்சு முறிய அது ஒன்று போதும். உம்மா அதை வாழ்நாள் முழுதும் மறைத்தா. தலைக்கு எண்ணெய் வைப்பதானாலும் கதவைப் பூட்டிக்கொண்டுதான். வாப்பாவுக்கும், என் அண்ணன் காக்காவுக்கும், எனக்கும், தங்கச்சிக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. காக்காவின் பெண்சாதிக்குக்கூடத் தெரியாது.

தங்கச்சி அப்போது கட்டாரில் ஒரு வீட்டில் வேலை. வர வழியில்லை. காலையில் வீட்டுக்கார மெடம் ஃபோனை வாங்கி வைக்கும் வரைக்கும் அழுது அழுது குரல் பதிவாய் அனுப்பியிருந்தாள். "உம்மாட முகத்த எனக்கு ஒருக்காக் காட்டு ராத்தா. மெடம் எனக்குப் பகல் பத்து நிமிசம்தான் ஃபோன் தருவா."

மாமியிடம் கேட்டேன். மாமி என் தலையைத் தடவி, "கபன் செஞ்சி முடிய நானே முகத்தத் தொறந்து விடுறன். வடிவாக் காட்டு. இப்ப வேணாம்" என்றார்.

ஃபோனை எல்லோருக்கும் முதல் நான்தான் டின்னில் போட்டேன். போட்டதை எல்லோரும் கண்டார்கள். அது வீட்டு ஃபோன். ஓடர் ஃபோன் அபாயாவின் பைக்குள் கிடந்தது. வேண்டுமென்று வைத்தேனா, மறந்தேனா என்று கேட்காதீர்கள். எனக்கே நான் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

மறைப்புக்குள் மாமி, மாமியின் மகள், என் சாச்சி, நான். உம்மாவின் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. நான் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். தொடையில் ஃபோன் அதிர்ந்தது. நின்றது. திரும்ப அதிர்ந்தது. தங்கச்சியின் பத்து நிமிசம் அது என்று எனக்குத் தெரியும். கபன் முடியும்வரை மெடம் காத்திருக்கமாட்டா. மாமி கற்பூரத் தண்ணீரை எடுக்க மறுபக்கம் திரும்பினார் என்றுதான் நான் நினைத்தேன். சாச்சி துணியைப் பிழிந்துகொண்டிருந்தா. நான் மூலைக்கு ஒதுங்கி, அவளுடைய வீடியோ கோலை எடுத்து, சத்தத்தை நிறுத்தி, ஃபோனை நெஞ்சுக்கு நேரே பிடித்து உம்மாவின் பக்கம் திருப்பினேன். பத்து செக்கனோ இருபதோ. திரையில் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுவது தெரிந்தது. பிறகு பைக்குள் போட்டுவிட்டு, கோப்பையை எடுத்துத் தண்ணீர் மொண்டேன். ஒரு பிள்ளையின் கடைசி ஆசையை நிறைவேற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. என்ன நிம்மதி!

அந்த இருபது செக்கனுக்குள் தங்கச்சி திரையைப் படம் பிடித்திருக்கிறாள். பிடித்ததை அழுகையில் ஒரு மச்சிக்கு அனுப்பியிருக்கிறாள். உம்மாவுக்குக் கத்தம் ஓதும் ஏழாம் நாள் சோறு ஆக்கிக்கொண்டிருக்கும்போது, அந்தப் படம் காக்காவின் பெண்சாதியுடைய ஃபோனுக்கு, நாங்கள் யாரென்றே தெரியாத ஒரு குரூப்பிலிருந்து வந்து சேர்ந்தது. தலையும் கழுத்தும் மட்டும். ஈர முடி. காதுக்குக் கீழே வெள்ளை. அறுபத்தொரு வயது வரைக்கும் உம்மா கதவைப் பூட்டிப் பூட்டி மறைத்ததை ஊர் ஒரு விரலால் பெரிதாக்கிப் பார்த்தது.

நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டுதான் அந்த ஃபோனை வாங்கித் திருப்பிக் கொடுத்தேன்.

காக்காவின் மகளுக்கு அப்போது ஒரு சம்பந்தம் பேசி முடிகிற நிலையில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டுக் கேட்டார்கள்: "உங்கட குடும்பத்துல அந்த வெள்ள இரிக்காமே?" அதோடு அந்தப் பேச்சு நின்றது. காக்கா அன்று பின்னேரமே மாமியின் வீட்டுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன், தடுக்க. தடுக்கவில்லை.

"இருவது வருசமா மூடின வாயெண்டு நம்பித்தானே என்ட உம்மாவ ஒப்படச்சன்? படம் எடுக்க விட்டிரிக்கீங்களே! உங்கட மகளா எடுத்த? ஆரு எடுத்த?" தெருவே கேட்கும்படி கத்தினார்.

மாமியின் மகள் அழுதாள். மாமி அழவில்லை. காக்காவைப் பார்த்தார், பிறகு அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். சும்மா, ஆளைப் பார்க்கிற பார்வைதான். பிறகு சொன்னார்: "டின் என்ட பொறுப்பு மகன். பிழை என்டதான். என்ட புள்ள எடுக்கல்ல. அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க."

ஒரு வார்த்தை. "நான்தான் காக்கா." அதைச் சொல்ல வாய் எவ்வளவு திறக்க வேண்டும்? எனக்கு அது திறபடவில்லை. காக்கா என்னை அடிப்பார் என்ற பயமா, ஓடர் போய்விடும் என்ற பயமா, உம்மாவுக்கு நான் செய்ததை நானே கேட்கும் பயமா? எல்லாம்தான். ஃபோனை முதல் ஆளாய் டின்னில் போட்டவள் நான். என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. அல்லாஹ்வே, அதைப் போல் ஒரு கேவலமான பாதுகாப்பு கிடையாது.

பிறகு மௌத்து வீடுகளுக்கு அடுத்த ஊரிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். மாமியை யாரும் ஏசவில்லை, ஒதுக்கவில்லை, வீதியில் கண்டால் சலாம் சொன்னார்கள். கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பட்டன் ஃபோன் அடிப்பது நின்றது. அவர் அதைத் தினமும் சார்ஜில் போட்டு, யன்னல் கட்டையில் வைத்திருப்பார் என்று அவர் மகள் சொல்லக் கேட்டேன்.

மூன்று தரம் நான் கோல் எடுத்தேன். சொல்லிவிடலாம் என்றுதான். முதல் தரம், "ஆரு மௌத்து?" என்ற அந்தக் குரலில் இருந்த சுறுசுறுப்பைக் கேட்டதும் கோலை வைத்துவிட்டேன். மாதக்கணக்கில் அவருக்கு வந்த முதல் கோல் அது. வைத்துவிட்டேன். இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் மாமி ஒன்றும் கேட்கவில்லை. நானும் கதைக்கவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் இருக்கன்" என்றார்.

என் கதிரையில் உட்கார்ந்து சொன்ன அதே குரல். நான் கோலை வெட்டினேன். யாரென்று தெரியாமல் பொதுவாகச் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் செய்தேன், கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

மாமி மௌத்தான நேரம் நான் லைவில் இருந்தேன். பெருநாள் துணி வந்திருந்தது. "இது மெரூன் சிஸ்டர், இதுல நேவி புளுவும் இரிக்கி" என்று காட்டிக்கொண்டிருக்கும்போது திரையின் மேலே ஒரு செய்தி இறங்கியது. 'இன்னா லில்லாஹி' என்று மௌத்துச் செய்தி தொடங்கியது மட்டும் கண்ணில் பட்டது. நிறத்தை மறைக்கிறதே என்று விரலால் மேலே தள்ளிவிட்டேன். ஒன்றரை மணித்தியாலம் துணி காட்டினேன். பிறகு சாப்பிட்டேன். பிறகுதான் எடுத்து வாசித்தேன். ஓடிப் போனபோது மையித்தைச் சுமக்கும் சந்தூக்கு பள்ளிக்குப் போய்விட்டது. வளவு மூலையில் மறைப்புச் சீலைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நிலம் ஈரமாய் இருந்தது.

குளிப்பாட்ட அடுத்த ஊரிலிருந்துதான் ஆள் வந்திருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கஷ்டம் தொடங்கியது. எந்த ஃபோன் அடித்தாலும், என்னுடையதானாலும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருடையதானாலும், காதுக்குள் முதலில் மாமியின் குரல் கேட்கும். "ஆரு மௌத்து?" பிறகுதான் மற்றது. லைவ் போடக் குந்தினால், துணி விரித்த மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பேயும் இல்லை பிசாசும் இல்லை, எனக்கு அதெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் முடிக்கட்டும் என்று ஒருவர் இருக்கிறார். அவ்வளவுதான். நான்தான் முடிக்கவில்லை.

நாற்பது நாள் கழிந்து மாமியின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்த நீல டின். துடைத்து, புதுப் பஞ்சு விரித்திருந்தது.

"உம்மா வருத்தமாக் கிடக்கக்குள்ள சொன்ன ராத்தா. இத அந்தத் தையல்காரப் புள்ளக்கிட்டக் குடு எண்டு. அவக்கிட்ட ரெண்டு ஃபோன் இரிக்கி, ரெண்டுக்கும் இடம் காணும் எண்டு சொன்ன."

அவள் ஒன்றும் அறியாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்தாள், பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தாள், போனாள். நான் டின்னை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் அசருக்குப் பாங்கு சொன்னது.

அடுத்த மாதம் தங்கச்சி லீவில் வந்தாள். வந்த மறுநாளே கேட்டேன்: "அண்டைக்குப் புடிச்ச படம் இன்னும் இரிக்கா? அனுப்பினதில்ல, முழுசு."

"இரிக்கி ராத்தா. மாமியும் அதுல விழுந்திருந்தா. அவட முகம் எதுக்கெண்டு அந்தப் பக்கத்த வெட்டிட்டுத்தான் மச்சிக்கு அனுப்பின."

காட்டினாள். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை.

படத்தின் ஒரு பக்கம் உம்மா. மறு பக்கம் மாமி. கற்பூரத் தண்ணீர்ப் பக்கம் அவர் திரும்பியிருக்கவில்லை. ஒரு கை வெள்ளைத் துணியின் நுனியைப் பிடித்து உம்மாவின் கழுத்தை நோக்கி நீண்டிருந்தது, மூடுவதற்கு. பாதி வழியில் இருக்கிறது. கண் இரண்டும் நேரே ஃபோனைப் பார்த்தபடி இருக்கின்றன. அதாவது, என்னை. கோபம் இல்லை. அளவெடுக்க வந்த அன்று கதிரையில் உட்கார்ந்து பார்த்தாரே, அதே முகம்.

முதல் செக்கனிலேயே அவர் கண்டிருக்கிறார். மையித்துக்குப் பக்கத்தில் குரல் உயர்த்தக்கூடாதென்று வாயைத் திறக்காமல் துணியைத்தான் இழுத்திருக்கிறார். பிறகு காக்கா வாசலில் நின்று கத்தியபோதும், கோல் வராமல் போன இரண்டு வருடமும், அந்த மறைப்புக்குள் கண்டதை அங்கேயே விட்டிருக்கிறார். உம்மாவின் வெள்ளையை மூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. என்னை மூடியிருக்கிறார்.

"இத அழிச்சிரு" என்றேன் தங்கச்சியிடம்.

"எப்பிடி ராத்தா அழிக்கிற? உம்மாட கடைசிப் படம். நான் வேற எதக் கண்டன்?" என்று அழுதாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை. அந்தப் படம் இன்னும் இருக்கிறது, மாமியின் கண்ணோடு.

இப்போது என் ஃபோன் இரண்டும் டின்னுக்குள்தான். லுஹருக்குப் பிறகு ஒருதரம், அசருக்குப் பிறகு ஒருதரம் திறப்பேன். லைவ் போடுவதில்லை. உள்பையும் தைப்பதில்லை. பாதி ஓடர் வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. "உம்மாட பேங்க் தொறந்திட்டா?" என்று பிள்ளைகள் நையாண்டி செய்கிறார்கள். கண் வருத்தம், டொக்டர் குறைக்கச் சொன்னார் என்று கேட்டவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் வாரம் கை சும்மா சும்மா தொடைப் பக்கம் போய்த் தடவும். இல்லாத பைக்குள் இல்லாத ஃபோன் அதிரும். அது மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் "நான் இருக்கன்" குறையவில்லை. ஃபோனைக் குறைத்ததில் வீடு அமைதியானதும், அது இன்னும் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது.

போன கிழமை காக்காவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகளுக்கு வேறு நல்ல இடத்தில் கலியாணம் முடிந்து, பிள்ளையும் இருக்கிறது. காக்கா முன் அறையில் கதிரையில் சாய்ந்து ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, உம்மாட படம் எடுபட்டது என்ட ஃபோனால."

"ம்."

விரல் மேலே தள்ளியது. அடுத்த வீடியோ.

"காக்கா."

"ம், சொல்லு புள்ள. கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன்."

கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த நேரம் ஒரு ஆசை வந்தது. சொல்லியாச்சு, அவரும் ம் என்றாச்சு, அல்லாஹ் சாட்சி, எழும்பிப் போய்விடலாம் என்று. செருப்புப் பக்கம் காலும் போனது.

பிறகு கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க முடிங்க காக்கா. நான் இருக்கன்."

மேசையில் நாலைந்து சார்ஜர் வயர்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. எடுத்து மடியில் போட்டுப் பிரிக்கத் தொடங்கினேன். ஒன்று கழன்றது. இரண்டு கழன்றது. மூன்றாவதை நான் சுற்றி வைக்கும்போது காக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஃபோனைக் குப்புற வைத்தார்.

"என்ன புள்ள சொன்ன?"

திரும்பச் சொன்னேன். பையைச் சொன்னேன், தங்கச்சியின் பத்து நிமிசத்தைச் சொன்னேன், டின்னைச் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை.

"அவட வாசல்ல நிண்டு ஏசினனே புள்ள."

"ஓம்."

"செருப்பக் கழட்டாம அவட படியில ஏறினன்."

"ஓம் காக்கா."

"பின்ன அவ ஏன் ஒரு வார்த்த சொல்லல்ல? தெரியாமலா இருந்த?"

"தெரியும் காக்கா" என்றேன். "அவ கண்ட."